பதினைந்து மாத ஓட்டை

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒன்று முதல் தொண்ணூறு வரை கட்டங்கள். தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும் மனு கார்க்கி ஒரு கட்டத்தைச் சிவப்பு மையால் அடிப்பாள். மனுவுக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. அடிபடும் கட்டங்கள் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த லுனிவா துலாதருடையவை.

படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசு வேலை செய்ய ஓர் அனுமதி அட்டை கொடுக்கிறது. கொடுத்த கையோடு ஒரு கெடுவும் வைக்கிறது. வேலை இல்லாமல் தொண்ணூறு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. கடைசிக் கட்டமும் அடிபட்டுவிட்டால் லுனிவா பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்மாண்டுவுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"அறுபத்தெட்டு," என்றாள் மனு, பேனா மூடியைப் போட்டபடி.

"சத்தமா சொல்லாதடி. எனக்கே எண்ணத் தெரியும்."

லுனிவா சும்மா உட்கார்ந்திருந்தவள் இல்லை. முன்னூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பம் போட்டிருந்தாள். போட்டதில் கொஞ்சம் பேர் கூப்பிடவும் செய்தார்கள். கூப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே குழியில்தான் விழுந்தார்கள்.

"உங்களுக்கு இங்க வேலை செய்ய உரிமை இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப நீங்க அமெரிக்கக் குடிமகள்."

"இல்லைங்க."

"கிரீன் கார்டு?"

"அதுவும் இல்லைங்க. படிப்பு முடிச்ச மாணவர்களுக்கு…"

"அப்ப உரிமை இல்லைன்னு சொல்லுங்க."

"இருக்குங்க! ஒரு வருஷத்துக்கு உங்ககிட்ட இருந்து எதுவுமே வேண்டாம். நான் படிச்ச படிப்புக்கு, அதுக்கு மேல இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம். அதுக்கு நீங்க ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். வக்கீல்கூட வேண்டாம்."

"வக்கீலா?"

அவ்வளவுதான். சட்டப் பிரிவில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிடுவார்கள். அந்தச் சட்டப் பிரிவு இன்றுவரை ஒருவருக்கும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

"நீ ஏண்டி வக்கீல் பேச்சையே எடுக்கிற?" என்று மனு தலையில் அடித்துக்கொள்வாள். "இந்த வீட்ல பேய் இல்லைன்னு சொல்லி யாராவது வீட்டை வாடகைக்கு விடுவாங்களா?"

அந்தக் குழியைத் தாண்டியவர்களுக்கு அடுத்த குழி காத்திருந்தது. லுனிவாவின் வேலை வரலாற்றில் பதினைந்து மாதம் காணாமல் போயிருந்தது.

அந்த வரலாற்றைத் தயாரித்துக் கொடுத்தவர் திலக் பஸ்னெத். டல்லாஸ் பக்கத்து யூலெஸ் ஊரில் இருக்கும் நேபாளி மாணவர்கள் யாராக இருந்தாலும், வேலைக்கு அனுப்பும் தாள் அவர் கை படாமல் போகாது. அமெரிக்காவுக்கு வந்து ஏழு வருஷம் ஆனவர். நல்ல வேலை, சொந்த கார், எதற்கும் பதற்றப்படாத முகம். காசு வாங்க மாட்டார். ஒரு தட்டு மோமோ, காரச் சட்னியோடு. அதுதான் அவருடைய கட்டணம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுனிவாவின் பழைய அனுபவச் சான்றிதழ்களை முன்னால் பரப்பிக்கொண்டு, வலது கையில் மோமோவும் இடது கையில் மடிக்கணினியுமாக உட்கார்ந்திருந்தார். சான்றிதழ்களில் இருந்தவை நேபாளத்துத் தேதிகள். அங்கே அரசாங்கமும் ஆபீசும் விக்ரம ஆண்டில்தான் நடக்கும்; அது ஆங்கில ஆண்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னால் ஓடும். திலக் ஒவ்வொரு தேதியையும் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், ஐம்பத்தேழைக் கழிப்பார், தட்டுவார். கடையில் மீதிச் சில்லறை கொடுப்பவரின் வேகம் அது.

"தங்கச்சி, முதல் வேலைய விட்டதுக்கும் ரெண்டாவது வேலையில சேர்ந்ததுக்கும் நடுவுல பதினஞ்சு மாசம் ஓட்டை விழுந்திருக்கே. ரெண்டாயிரத்து இருபதுல என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

லுனிவா யோசித்தாள். அவள் நேவார் சமூகத்துப் பெண். தலைக்குள் மூன்று காலண்டர் ஓடும். ஆபீசுக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, வீட்டுப் பூஜைக்கு நேவார்களுக்கே உரிய மூன்றாவது ஒன்று. இரண்டாயிரத்து இருபது என்றதும் அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பூட்டிய கடைத்தெருவும் அம்மாவின் அடுப்படியும்தான்.

"கொரோனா வருஷம்தானே அண்ணா? வீட்டுலதான் இருந்தேன்."

"அதான் பார்த்தேன். விடு, அடைச்சுடலாம். பெத்தவங்களைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டேன்னு சொன்னா இங்க மேல கேள்வி கேட்க மாட்டாங்க. கேட்கறது மரியாதை இல்ல. உங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லாம போகலாம்?"

"அப்பா காலமாயிட்டார். அம்மா மட்டும்தான்."

"அப்ப அம்மாதான். வியாதி வேண்டாம், பேர் சொல்லணும், மருந்து சொல்லணும். விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு."

இப்படியாக, தினமும் விடியற்காலையில் சுயம்பு மலையின் முன்னூற்று அறுபத்தைந்து படியையும் மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும் ஹேரா தேவி துலாதரின் இடுப்பு, அவருக்குத் தெரியாமலே, யூலெஸ் ஊரில் ஒரு தட்டு மோமோவுக்கு முன்னால் உடைந்தது.

அறுபத்தெட்டாம் நாள் பகலில் கணினித் திரையில் வந்தவள் டார்லீன் ஹூபர். கோழியும் பாலும் ஐஸ்கிரீமும் ஏற்றிப் போகும் குளிர் லாரிக் கம்பெனியில் வெப்பநிலைப் பதிவுகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. வெளியே டெக்சாஸ் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஆபீஸ் குளிர் கிடங்குக்குள்ளேயே இருந்தது.

லுனிவா அனுமதி அட்டையைப் பற்றி ஆரம்பித்தாள். இந்த முறை வக்கீல் பேச்சு எடுக்கவில்லை. டார்லீன் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு கண்ணு. உனக்கு லைசன்ஸ் இருக்கு. அதுல ஒரு கடைசித் தேதி இருக்கு. வண்டி மட்டும் என்னுது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க மேடம்!" என்றாள் லுனிவா. மூன்று மாதமாக அவள் சொல்லிப் புரியவைக்க முடியாததை இந்த அம்மாள் மூன்று வரியில் சொல்லிவிட்டாள். அந்த நிமிஷமே அவளிடம் வேலை பார்க்க வேண்டும் என்று லுனிவாவுக்கு ஆசை வந்துவிட்டது.

"மேடமெல்லாம் வேண்டாம், டார்லீன்னு கூப்பிடு. சரி, இந்தப் பதினஞ்சு மாசம் எங்க போச்சு?"

லுனிவா ஒத்திகை பார்த்தபடியே சொன்னாள். அம்மா படியில் விழுந்தது, இடுப்பு எலும்பு, வேலையை விட்டது. டார்லீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எங்கம்மாவுக்கும் இடுப்புதான். ரெண்டு வருஷம் நான்தான் தூக்கி உட்கார வெச்சேன்."

அதற்குப் பிறகு இருபது நிமிஷம் வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை. தூக்கும்போது முதுகை எப்படி வளைக்க வேண்டும், கோபம் வரும்போது எந்த அறைக்குப் போய் அழ வேண்டும் என்று டார்லீன் சொல்லிக்கொண்டே போனாள். லுனிவா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவமானமாக இருந்தது.

"உங்கம்மா பேர் என்ன கண்ணு?"

"ஹேரா தேவி. ஆனா இப்ப பரவாயில்லைங்க, நல்லா நடக்கறாங்க."

"நடக்கட்டும், நடக்கட்டும். புதன்கிழமை எங்க சர்ச்சுல ஜெபக் கூட்டம் இருக்கு. பட்டியல்ல சேர்த்துடறேன். இடுப்பு விஷயத்தை நம்ப முடியாது."

எழுபத்தொன்பதாம் நாள் மடல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. மனு சோபா மேல் ஏறிக் குதித்தாள், கீழ் வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்தார், இருவரும் அதையும் தாளமாக வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஆடி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான் மனு கடைசிப் பத்தியைப் படித்தாள். பழைய வேலைகளின் அனுபவச் சான்றிதழ்களை ஆங்கில மொழிபெயர்ப்போடு திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அவை சரிபார்க்கப்பட்ட பிறகே வேலை உறுதி.

"இதுல என்ன இருக்கு? ரெண்டே தாள்," என்றாள் லுனிவா.

சனிக்கிழமை காலை டீயும் கையுமாக மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். முதல் தாள், அவள் வேலை பார்த்த பால் பரிசோதனைக் கூடம் கொடுத்தது. 'மாக் மாதம் 15, 2077 வரை எங்களிடம் பணியாற்றினார்.' அதிகாரபூர்வமான தாள் ஆயிற்றே என்று, நாள் மாறாமல் இருக்க, தேதி மாற்றும் ஒரு வலைத்தளத்தில் அதைத் தட்டினாள்.

ஜனவரி 28, 2021 என்று வந்தது.

விரல் தப்பியிருக்கும் என்று மறுபடி தட்டினாள். மூன்றாம் முறை மனுவைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னாள். அதே 2021. திலக் போட்டுக் கொடுத்த தாளிலோ ஜனவரி 2020 என்று இருந்தது. அந்தத் தாளைத்தான் அவள் முன்னூறு இடத்துக்கு அனுப்பியிருந்தாள்.

நேபாளத்து ஆண்டு சித்திரை வாக்கில் பிறக்கிறது. அதனால் ஐம்பத்தேழைக் கழிக்கும் வாய்ப்பாடு ஜனவரி பிறக்கும்வரைதான் செல்லும். அதற்குப் பிறகு வரும் கடைசி மூன்றரை மாதத்துக்கு ஐம்பத்தாறைத்தான் கழிக்க வேண்டும். இது நேபாளத்தில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். மோமோ சாப்பிடும்போது மட்டும் மறந்துவிடும்.

லுனிவா அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே மாலை நேரம். அசன் கடைத்தெருவில் நூல்கண்டுக் கடையை அடைத்துவிட்டு வீடு வந்திருந்தாள் ஹேரா தேவி.

"அம்மா, கொரோனா வருஷத்துல நான் வேலையில இருந்தேனா, இல்லையா?"

"இதென்னடி கேள்வி? வீட்ல உட்கார்ந்து போன்லயே வேலை பார்த்தியே. விடிஞ்சா போதும், பால் வாங்கற ஊர் ஒவ்வொண்ணையும் கூப்பிட்டு என்னா சத்தம்! பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாளே, மறந்துட்டியா? பாதிச் சம்பளம்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே. அந்த வருஷக் கடைசியில, மாக் மாசக் குளிர்ல, விட்டே. ரெண்டு மாசம் தூங்கினே. வருஷம் பொறந்ததும் காப்பீட்டுக் கம்பெனில சேர்ந்தே."

லுனிவா நாற்காலியில் சரிந்தாள். வீட்டில் இருந்தது உண்மை. வேலை இல்லாமல் இருக்கவில்லை. பதினைந்து மாத ஓட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத ஓட்டையை அடைக்க, அவள் இருக்கிற அம்மாவின் இடுப்பை உடைத்திருந்தாள். சும்மா இருந்ததை மறைக்கப் பொய் சொல்கிறவர்களை ஊரெல்லாம் பார்க்கலாம். உழைத்ததை மறைத்துப் பொய் சொன்னவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"ஏண்டி கேட்கிற?" என்றாள் அம்மா.

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் இடுப்பையா ஒடச்சே?"

"அம்மா…"

"ஒடைக்கறதுன்னா உங்க பெரியம்மா இடுப்ப ஒடைக்கக் கூடாதா? அவ எப்படியும் உட்கார்ந்த இடத்துலதானே இருக்கா!"

பதினோரு மணிக்கெல்லாம் திலக் வந்துவிட்டார். தாள்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இந்தத் தடவை எதையும் கழிக்கவில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பதற்றப்படாத அந்த முகத்தில் வியர்வை பூத்திருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மொழிபெயர்ப்பு நீதானே பண்றே? ஒரே ஒரு இலக்கம். இருபத்தொண்ணை இருபதுன்னு போட்டுட்டா எல்லாம் ஒத்துப்போயிடும்."

"அண்ணா, கீழ 'இது உண்மையான மொழிபெயர்ப்பு'ன்னு என் கையெழுத்து கேட்கறாங்க."

மனுவிடம் இன்னும் நல்ல யோசனை இருந்தது. "தேதிய சரியாவே போடு. அம்மா இடுப்பும் ஒடஞ்சதா இருக்கட்டும். அம்மாவப் பார்த்துக்கிட்டே வீட்ல இருந்து வேலை செஞ்சேன், தாள்ல மட்டும் தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லு. யார் போய் எக்ஸ்ரே கேட்கப் போறாங்க?"

யோசனை பொருத்தமாகத்தான் இருந்தது. லுனிவாவுக்கும் ஆசை வந்தது. இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். இன்னும் பத்துக் கட்டம்தான் பாக்கி. இந்த வேலை கை நழுவினால் பத்து நாளில் இன்னொன்று கிடைக்காது. அப்படியே எழுதிவிடலாம் என்று அவள் மடிக்கணினியைத் திறந்தபோது டார்லீனிடமிருந்து ஒரு மடல் வந்து காத்திருந்தது. 'ஹேராவுக்குப் புதன்கிழமைக் கூட்டத்திலிருந்து ஓர் அட்டை அனுப்புகிறோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. விலாசம் கொடு, கண்ணு.'

லுனிவா அதை இரண்டு முறை படித்தாள். இந்தப் பொய்யோடு வேலையில் சேர்ந்தால், தினமும் காலையில் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து, அம்மாவின் இடுப்பு தேவலையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று வருஷம்.

"திங்கட்கிழமை என்னைக் கார்ல கூட்டிட்டுப் போறியா?" என்று மனுவிடம் கேட்டாள். "நேர்ல சொல்லிடறேன்."

"வேலைய விட்டுக் கொடுத்துட்டு வரப் போறியா? பைத்தியமாடி உனக்கு?"

"தெரியல. போன்ல சொல்ல வாய் வராது."

திங்கட்கிழமை எண்பத்திரண்டு. மனு அன்றைக்குக் கட்டத்தை அடிக்கவே இல்லை. காலை எட்டு மணிக்கு லுனிவா குளிர் கிடங்கின் உள்ளே, டார்லீனின் மேசைக்கு முன்னால் நின்றாள். பல் தந்தியடித்தது. அது குளிராலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை. மேசை மேல் பூப்போட்ட பெரிய அட்டை ஒன்று உறைக்குள் தயாராக இருந்தது.

நின்றபடியே சொன்னாள். ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு, மோமோ, இடுப்பு, எதையும் விடவில்லை. சரியான தேதி போட்ட மொழிபெயர்ப்பையும் திருத்திய தாளையும் மேசை மேல் வைத்தாள். டார்லீன் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"அப்ப உங்கம்மா விழவே இல்ல."

"இல்லைங்க."

"பதினாலு பேர், கையைக் கோத்துக்கிட்டு, உங்கம்மா இடுப்புக்காக ஜெபம் பண்ணினோம். பேர் வாயில நுழையலன்னு பாஸ்டர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டாரு."

"மன்னிச்சிடுங்க."

"எங்கம்மா கதையெல்லாம் உன்கிட்ட சொன்னேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

லுனிவாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. டார்லீன் தாள்களை எடுத்துப் பார்த்தாள். நேபாளி எழுத்தில் இருந்த சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பிக்கொண்டாள்.

"நீ வேலை பார்த்தேங்கறதை நான் எப்படி நம்பறது? இதுவும் ஒரு கதையா இருந்தா?"

"அந்தக் கூடத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்க. இல்லைன்னா…" லுனிவா கொஞ்சம் தயங்கினாள். "எங்கம்மாவக் கேளுங்க."

"கூப்பிடு. அந்த இடுப்பையும் நான் பார்க்கணும்."

ஹேரா தேவி போனை எடுத்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள். எதிரே கம்பளிச் சட்டை போட்ட வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நமஸ்தே என்று கும்பிட்டாள். உடனே போனைக் கையில் பிடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்தாள். அசன் பக்கத்து வீடுகளின் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். நாலு மாடி. திரையில் சுவரும் கூரையும் கால் விரலும் மாறி மாறி ஆடின. மொட்டை மாடியில் போய் நின்று, இடுப்பில் கையை வைத்து இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டினாள். மூச்சு வாங்கவில்லை.

டார்லீனின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினாளா கோபத்தையா என்று லுனிவாவால் சொல்ல முடியவில்லை.

"நீ நெஜமா வேலை பார்த்தியான்னு கேளு," என்றாள். லுனிவா நேபாளியில் கேட்டாள்.

"பார்த்தாளாவா? பத்து மாசம் என் காது போச்சு," என்று ஹேரா தேவி ஆரம்பித்தாள். மகளின் குரலை அப்படியே எடுத்து, கையை இடுப்பில் ஊன்றி, கண்ணை உருட்டிக்கொண்டு கத்தினாள். "'ஹலோ! பனௌதியா? பால் எத்தனை டிகிரி? நேத்தும் நாலு, முந்தாநாளும் நாலு, இன்னைக்கும் நாலா? தெர்மாமீட்டர உள்ள விட்டியா, இல்ல படுக்கையில இருந்தே சொல்றியா? தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. நாலுன்னு எழுதாத!' தினமும் இதேதான். எனக்கே மனப்பாடம்."

"என்ன சொல்றாங்க?"

லுனிவா தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தாள். முதல் வரியிலேயே டார்லீன் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டாள்.

"தினமும் நாலுன்னு வந்தா நம்பக் கூடாதுன்னு உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லலைங்க. பால் அப்படி இருக்காது. காலையில ஒண்ணு, வெயில் ஏறினா ஒண்ணு."

டார்லீன் ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசை மேல் போட்டாள். லாரி டிரைவர்கள் எழுதியது. மணிக்கு ஒரு கட்டம், எல்லாக் கட்டத்திலும் அதே எண். "பத்தொன்பது வருஷமா இதோடதான் மல்லுக்கு நிக்கறேன். காலியா விட்ட கட்டத்துக்கு நான் யாரையும் திட்டினதில்ல. பொய்யா நிரப்பினவனைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்." லுனிவாவைப் பார்த்தாள். "ஆனா ஏற்கெனவே சரியா இருந்த கட்டத்தை அழிச்சுட்டு, அது காலின்னு நெனச்சுக்கிட்டு, அதுல போய்ப் பொய்ய எழுதின ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மேசையில் குனிந்து சிரித்தாள். கண்ணாடி கழன்று விழுந்தது. என்ன ஏது என்று தெரியாமலே ஹேரா தேவியும் மொட்டை மாடியில் நின்று சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் டார்லீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காத. இருக்கு. தலைமை ஆபீசுக்கு நடந்ததை நடந்தபடி எழுதறேன். முடிவு அவங்க கையில. நீ வேணும்னு நான் எழுதுவேன், அவ்வளவுதான்."

எண்பத்து மூன்று, நான்கு, ஐந்து. மடல் வரவில்லை. தலைமை ஆபீஸ் காத்மாண்டுவுக்குப் போன் பண்ணியது, பரிசோதனைக் கூடத்தில் பழைய மேலாளர் டீ குடிக்கப் போயிருந்தார், மறுநாள் மறுபடி பண்ணியது. லுனிவா பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். மனு அதைத் திரும்ப மேலே ஏற்றினாள். எண்பத்தாறாம் நாள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் மடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் லாரி ஓடும் கம்பெனி என்பதால், எண்பத்தெட்டாம் நாளே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை மனு குதிப்பதற்கு முன் கடைசிப் பத்தியைப் படித்தாள். ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு குதித்தாள்.

அன்று சாயங்காலம் திலக் வீட்டில் கூட்டம். தான் தயாரித்துக் கொடுத்த தாள்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தானே எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். மோமோவும் அவரே பிடித்து வைத்திருந்தார். இனிமேல் வலைத்தளத்தில் பார்க்காமல் எந்தத் தேதியும் எழுத மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் காதைப் பிடித்துக்கொண்டார். பார்த்ததில் பதினோரு பேருக்கு இல்லாத ஓட்டை விழுந்திருந்தது. பதினோரு பேரும் அதற்கு அழகழகாகக் காரணம் சொல்லி வந்திருந்தார்கள். ஒருவன் மாமாவின் கடையை நடத்தியிருந்தான். ஒருத்தி இரண்டு பாட்டிகளை அடுத்தடுத்து அடக்கம் செய்திருந்தாள். மனு தன் தாளை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மடத்துல தியானம் பண்ணின பன்னெண்டு மாசம்?"

"நீ ஆபீஸ்லதான் இருந்திருக்கே," என்றார் திலக்.

"ஆபீஸ்ல எல்லாரும் என்கிட்டதான்யா வந்து தியானம் எப்படிப் பண்றதுன்னு கேட்கறாங்க! செவ்வாய்க்கிழமை தோறும் வகுப்பு எடுத்துக்கிட்டிருக்கேன்!"

ஞாயிற்றுக்கிழமை லுனிவா குளிருக்கு இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனாள். டார்லீன் அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டையும், ஒரு கட்டுத் தாளும், அந்தப் பூப்போட்ட அட்டையும் கொடுத்தாள்.

"கூட்டத்துல உண்மையச் சொல்லிட்டேன். பாஸ்டர் முதல்ல பட்டியலப் பார்த்தாரு. அப்புறம், நாம ஜெபம் பண்ணினோம், இடுப்பு நல்லா இருக்கு, இதுல எனக்கொண்ணும் குறை தெரியலன்னாரு. பதினாலு பேர் கையெழுத்துப் போட்ட அட்டைய வீணாக்க வேண்டாம். அனுப்பிடு."

அட்டை காத்மாண்டு போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. ஹேரா தேவி அதைக் கடையில், லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நூல் வாங்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பதினாலு பேர் தன் இடுப்புக்காகச் சாமி கும்பிட்டார்கள் என்று சொல்வாள்.

"இடுப்புக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா என்னம்மா சொல்றே?" என்று லுனிவா போனில் கேட்டாள். மேசை மேல் லாரித் தாள்கள் விரிந்து கிடந்தன. மூன்றாவது வரியிலிருந்து எல்லாமே நாலு. அவள் பக்கத்தில் சிவப்பு மைப் பேனா இருந்தது.

"என்னத்தச் சொல்றது? பதினாலு பேரு அவ்வளவு தூரத்துல இருந்து கும்பிட்டிருக்காங்க, ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா அவங்களுக்கு மரியாதையா இருக்குமா?" என்றாள் அம்மா. "வாசல்ல ஆள் வந்தா, எந்திரிக்கும்போது மட்டும் கொஞ்சம் இடுப்பப் பிடிச்சுக்கறேன்."